மூன்றாவது வரிசையில் என் மனைவி

நாடகம் பார்க்கப் போவது சந்தோஷமான காரியம் என்று யாராவது சொன்னால், அவர்கள் என் மனைவி நாகலெட்சுமியோடு போனதில்லை என்று அர்த்தம். நான் இருபத்தெட்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அலுத்துப்போய்த்தான் சொல்கிறேன்.

அவள் கொழுந்து பறிக்கிறவள். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே எங்கள் தோட்டம். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓடி, பகல் முழுக்க மலையில் நின்று, சாயந்தரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுகிறவளுக்கு, எந்தத் தோட்டத்தில் எந்தத் தேதியில் என்ன நாடகம் என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். பொல்பிட்டியவில் பள்ளிக்கூட இசை நாடகமா, திம்புள்ளப் பக்கம் மாதா கோயிலில் பாடுகளின் காட்சியா, பக்கத்து டிவிஷனில் காமன் கூத்தா, அவளுக்கு மதமும் கிடையாது, தூரமும் கிடையாது. அதற்காக அரை நாள் சம்பளம் போனாலும் கவலைப்படமாட்டாள். பாட்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டில்லாத நாடகத்தை அவள் ‘மீட்டிங்’ என்பாள்.

என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். நான் செல்லசாமி. தோட்டத்துப் பக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் மெஷின்களுக்கு நடுவே முப்பது வருஷம் நின்றதில் என் இடது காது பாதி போய்விட்டது. அதனால் எப்போதும் எனக்கு வலது பக்கம்தான் உட்காருவாள், நல்ல காதில் குறை சொல்ல வேண்டுமே.

“ஒங்களக் கூட்டிட்டுப் போறதுல ஒரே ஒரு நன்மதாங்க. பக்கத்துல ஒக்காந்து பேச மாட்டீங்க” என்பாள்.

நாடகம் இரண்டு மணிக்கு என்றால் நாங்கள் ஒரு மணிக்கு அங்கே இருப்போம். மூன்றாவது வரிசையில், நான் முகம் துடைக்கிற கைலேஞ்சியை விரித்து இடம் பிடிப்பாள். முதல் வரிசை அதிதிகளுக்கு, இரண்டாவது வரிசை அவர்களோடு வந்தவர்களுக்கு, நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு மூன்றாவதிலிருந்துதான் என்பது அவள் கணக்கு. அதிலும் ஆர்மோனியக்காரர் உட்காரும் பக்கமாக. அவர் விரல் தடுமாறுவதைக்கூடப் பார்க்க வேண்டுமாம். அந்த ஒரு மணி நேரமும் நான் அந்தக் கைலேஞ்சியைக் காவல் காத்துக்கொண்டு, குளிரில் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பேன்.

அவளிடம் நாடகத்தைப் பற்றி ஒரு கொள்கை உண்டு. பேசித் தீராததைத்தான் பாட வேண்டும் என்பாள். “தண்ணி கொண்டு வான்னு சொல்றதுக்கு எதுக்குங்க பாட்டு? வாயில சொன்னா தண்ணி வராதா? மகன் செத்துக் கெடக்கான், அப்ப பேசுனா நாக்கு வராது. அங்க பாடணும்.” ராஜா வேட்டைக்குப் போகிறேன் என்று பத்து நிமிஷம் பாடினால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். செத்துக்கொண்டிருப்பவன் கால் மணி நேரம் பாடினால் வராது. இது என்ன நியாயம் என்று நான் கேட்டால், “ஒங்களுக்குக் காதுதான் மந்தம்னு நெனச்சேன்” என்பாள்.

இப்போது பல இடங்களில் பாட்டை பென்டிரைவில் போட்டுவிட்டு வாயை மட்டும் அசைக்கிறார்கள். ஒரு தேர்த் திருவிழாவில் ராஜா வாயை மூடிய பிறகும் ராஜாவின் குரல் பாடிக்கொண்டிருந்தது. நாடகம் முடிந்ததும் நாகலெட்சுமி நேரே போய், கிரீடத்தோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ராஜாவிடம், “தம்பி, ஒங்க பென்டிரைவ் நல்லாப் பாடுச்சு” என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்தத் தோட்டத்துக்கு அடுத்த வருஷம் நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டுதான் போனேன்.

மேடையில் நடப்பதாவது பரவாயில்லை. சபையில் இருப்பவர்களோடு அவள் நடத்துகிற சண்டைதான் என் உயிரை வாங்கும். மரவள்ளிச் சிப்ஸ் பக்கெட்டைப் பிரித்துச் சரசரக்க வைக்கிறவன், நனைந்த குடையை அடுத்தவள் காலில் சாய்க்கிறவள், அடுத்து என்ன நடக்கும் என்று பொண்டாட்டிக்கு முன்கூட்டியே சொல்கிறவன், போனை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் இருப்பவர்களுக்கு மேடையையே மறைக்கிறவள், எவரும் தப்ப முடியாது. முதலில் திரும்பி ஒரு பார்வை. பிறகு “ஷ்ஷ்”. அது குக்கர் விசில் மாதிரி மண்டபம் முழுக்கக் கேட்கும். மூன்றாவது தரம் எழுந்து நின்று, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை. மற்றவர்கள் போடுகிற சத்தத்தைவிட இவள் அதை அடக்கப் போடுகிற சத்தம்தான் அதிகம் என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். சுற்றுவட்டாரத்தில் அவளுக்கு ‘ஷ்ஷ் அக்கா’ என்றே பெயர். எனக்கு ‘ஷ்ஷ் அக்கா வீட்டுக்காரர்’.

எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆகாதது ‘ஒன்ஸ்மோர்’. எங்கள் லயத்தில் கடைசியாக இருக்கிற தொங்கல் வீட்டுக்காரர் மூக்கன் ஒரு ஒன்ஸ்மோர் பைத்தியம். ஆறு வருஷத்துக்கு முன்பு, எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா நாடகத்தில் கதாநாயகன் பாடிக்கொண்டே செத்தான். நாகலெட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். பின்னாலிருந்து மூக்கன் “ஒன்ஸ்மோர்” என்று கத்தினார். செத்தவன் எழுந்து, கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு, முதல் அடியிலிருந்து பாடி மறுபடியும் செத்தான். மூக்கன் இன்னொரு தரம் கத்தினார். மூன்றாவது தரம் சாவதற்குள் என் மனைவி அவருக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

“செத்தவன் எந்திரிச்சுப் பாடுனா நா அழுத அழுகைக்கு என்னங்கண்ணே மரியாத? ஒங்க வீட்டுச் சாவுலயும் ஒன்ஸ்மோர் கேப்பீங்களா?”

அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை. லயத்துக்கே பொதுவான பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தண்ணீர் வாளியை நான் எடுத்துக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது.

எங்களுக்கு ஒரே மகள், லோஜினி. அவளுக்குப் பதினொரு வயதில் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் தனிப் பாட்டு. நாங்கள் மூன்றாவது வரிசையில். எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் மீன் வேன் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாகலெட்சுமி ஒரு பார்வை பார்த்தாள், ஒரு ‘ஷ்ஷ்’ போட்டாள். அவர்கள் நிறுத்தவில்லை. இவள் எழுந்து, “வாய மூடுறீங்களா இல்லையா” என்று கத்திவிட்டாள். முழு மண்டபமும் திரும்பியது. மேடையில் நின்ற பிள்ளை தன்னைத்தான் அம்மா வாயை மூடச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள். பாட்டு அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கித் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

பிறகு எவ்வளவோ விளக்கிச் சொன்னோம். லோஜினிக்கும் புரிந்தது. ஆனால் அதற்கப்புறம் அவள் மேடை ஏறவில்லை, வீட்டிலும் பாடவில்லை. இப்போது இருபத்தைந்து வயது. தோட்டத்து முன்பள்ளியில் டீச்சராக இருக்கிறாள். பிள்ளைகளுக்குப் பாடிக் கொடுக்கிறாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் நாகலெட்சுமி காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்புகிற வழியில் முன்பள்ளி ஜன்னலுக்குக் கீழே கூடையோடு குனிந்து நின்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு மலைக்குப் பிந்திப் போய்க் கங்காணியிடம் ஏச்சும் வாங்கினாள். ராத்திரிதான் அதை என்னிடம் சொன்னாள். “நாடு முழுக்க நாடகம் பாக்குறேன், ஏ மக பாட்ட ஜன்னலுக்குக் கீழ ஒளிஞ்சு நின்னு கேக்குறேங்க” என்றாள். மகளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன மார்கழியில் லோஜினி இரவுச் சாப்பாட்டுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். திம்புள்ளப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், எல்லோரும் ‘அன்டன் சேர்’ என்று கூப்பிடுகிறவர், இசை நாடகங்கள் எழுதி, இளைஞர்களைச் சேர்த்துப் போடுகிறவர். அவருடைய புது நாடகத்தில் லோஜினிதான் பெரிய பாட்டைப் பாடப்போகிறாளாம். மாசி மாதம் ஹட்டனில். ஒத்திகை தொடங்கி ஒரு மாதமாகிறதாம், முன்பள்ளி வேலை என்று சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அதற்குத்தானாம்.

நாகலெட்சுமி மாவு பிசைந்த கையோடு அப்படியே நின்றாள்.

“அம்மா வரக்கூடாது” என்றாள் லோஜினி.

“என்னையவா? நாடகத்துக்கு என்னைய வராதன்னு சொல்றியா?”

“ஆமா.”

நான் நடுவில் விழுந்தேன். ஒரு மணி நேரம் பேச்சுவார்த்தை. எஸ்டேட்டில் சம்பளப் பேச்சுவார்த்தைகூட இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. கடைசியில் லோஜினி ஒரு நிபந்தனைக்கு வந்தாள். மணி அடித்ததிலிருந்து கடைசித் திரை விழும்வரை அம்மா வாயைத் திறக்கக்கூடாது.

“எவன் என்ன செஞ்சாலுமா?”

“எவன் என்ன செஞ்சாலும்.”

“போன்ல பேசுனா?”

“பேசட்டும்.”

“ஒன்ஸ்மோர் கேட்டா?”

“கேக்கட்டும்மா. நீ வாயத் தொறந்தா அன்னிக்கி மாதிரியே எறங்கிப் போயிருவேன். அப்புறம் சாகுற வரைக்கும் ஏ பாட்டு ஒனக்குக் கெடையாது.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. நாகலெட்சுமி கையைக் கழுவிவிட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி, அதில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். லோஜினி என் பக்கம் திரும்பினாள். “அப்பா, நீங்கதான் பொறுப்பு” என்றாள். எப்போதும் இப்படித்தான், சண்டை அவர்களுக்கு, பொறுப்பு எனக்கு.

என்னால் யோசிக்க முடிந்தது இஞ்சி டொபிதான். வாயில் எதையாவது போட்டு வைத்தால் பேச மாட்டாள் அல்லவா? ஆனால் டொபிக் கடதாசி பிரிக்கிற சத்தமும் அவளுக்கு ஆகாது. அதனால் வீட்டிலேயே இருபது டொபியைக் கடதாசி பிரித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஹட்டனுக்குப் போய்ச் சேர்வதற்குள் இருபதும் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது.

சனிக்கிழமை பகல் இரண்டு மணி நாடகம். கல்யாணங்களுக்கும் விடுகிற ஒரு ஹால் அது. மழை வேறு. அன்டன் சேர் ஒரே ஒரு பிழை விட்டிருந்தார், பிரதம அதிதி என்று அரசியல்வாதி ஒருவரை அழைத்திருந்தார். இரண்டு மணிக்கு அவர் வரவில்லை. மூன்று மணிக்கும் வரவில்லை. பிள்ளைகள் அழத் தொடங்கின, பெரியவர்கள் கை தட்டினார்கள். மூன்றே காலுக்கு அன்டன் சேர் வருவது வரட்டும் என்று மணியை அடிக்கச் சொல்லிவிட்டார். மணி அடித்ததும் நாகலெட்சுமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன்னால் இருந்த பெண் பலகை மாதிரி ஒரு போனைத் தூக்கிப் பிடித்தாள். எங்களுக்குப் பின்னால் ஒருவர் தன் மச்சானுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். அதற்கும் பின்னால் கடலை உடைக்கிற சத்தம். திரும்பிப் பார்த்தேன், மூக்கன். நாகலெட்சுமியின் கண் மட்டும் நெருப்பாக எரிந்தது. நான் டொபிக் கட்டியிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினேன். வாங்கி வாயில் போட்டுக் கடக்கென்று கடித்தாள். அரை மணி நேரத்தில் ஆறு துண்டு போயிற்று. ஆனால் சத்தம் வரவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நாடகத்தின் பெயர் ‘அக்கரைக் கொழுந்து’. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொழுந்து பறிக்கப் போன மகள், இந்தப் பக்கம் தாய். மழையில் பாலம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நாலைந்து நீலச் சேலைகளை ஒன்றாகத் தைத்து இரண்டு பேர் பிடித்து ஆட்டினார்கள், அதுதான் ஆறு. தண்ணீர்ச் சத்தத்தில் மகள் கத்துவது தாய்க்குக் கேட்கவில்லை. கத்திக் கேட்காததால் மகள் பாடுகிறாள். நாகலெட்சுமியின் கொள்கைப்படியே அமைந்த இடம்.

லோஜினி தலையில் கூடையோடு மேடையின் அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவளை அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்தது. பாட ஆரம்பித்தாள். நாகலெட்சுமி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பென்டிரைவ் இல்லை, மகளின் சொந்தக் குரல். என் வலது காதுக்கு அது நன்றாகவே கேட்டது. பல்லவி முடிந்து, முதல் சரணம் முடிந்து, இரண்டாவதை எடுக்க மூச்சை இழுத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஹால் கதவு திறந்தது. வெளியே வாகனச் சத்தம், உள்ளே பத்துப் பதினைந்து பேர், பிரதம அதிதி.

அறிவிப்பாளர் நிரஞ்சன் மேடைக்கு ஓடிவந்து, பாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு முன்னால் நின்று மைக்கை எடுத்துக்கொண்டார். “நிகழ்வைச் சற்று இடைநிறுத்தி, எமது பிரதம அதிதி அவர்களை வரவேற்கிறோம்.” எழுந்து நின்று கை தட்டச் சொன்னார். தட்டினார்கள். ஏற்கெனவே ஏற்றிய மங்கள விளக்கை அணைத்து அவர் கையால் மறுபடி ஏற்றினார்கள். விளக்கு வைக்க இடமில்லை என்று ஆற்றைச் சுருட்டி ஓரத்தில் போட்டார்கள். பிறகு நிரஞ்சனுக்கு ஒரு யோசனை வந்தது. “கொழுந்து பறிக்கும் நம் மங்கையே அதிதிக்குப் பொன்னாடை போர்த்துவார்” என்றார். என் மகள் தலையில் கூடையோடு, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து நடந்து வந்து, அந்த மனிதருக்குப் பொன்னாடை போர்த்தினாள். படம் எடுக்கிறவன், படம் சரியாக விழவில்லை என்று இன்னொரு தரம் போர்த்தச் சொன்னான்.

எனக்கு இரத்தம் கொதித்தது. பக்கத்தில் பார்த்தேன். நாகலெட்சுமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். டொபியை நீட்டினேன், தலையை ஆட்டினாள்.

அதிதி அரை மணி நேரம் கழுத்தை அறுத்தார். கலையை வளர்க்க வேண்டும் என்றார், இந்த நாடகத்தை முழுமையாக ரசித்ததாகவும் சொன்னார். பிறகு வேறொரு நிகழ்வு இருப்பதாகக் கூறி, வந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதல் இரண்டு வரிசையும் காலியானது. நிரஞ்சன் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு ஹாலைக் கொடுக்க வேண்டுமாம், நாளைக் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய ஆட்கள் வாசலில் வந்து நிற்கிறார்களாம்.

“நேரம் போதாத காரணத்தால் நேரடியாக இறுதிக் காட்சிக்குச் செல்கிறோம்.”

இறுதிக் காட்சியில் ஆறு வடிந்துவிடும். தாயும் மகளும் சேர்ந்துவிடுவார்கள். பாட்டுக்கு அங்கே வேலையில்லை. லோஜினி மேடையில் நின்றபடி ஓரமாகப் பார்த்தாள். அன்டன் சேர் திரைக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அவள் தலையைக் குனிந்தாள். கூடையின் கயிற்றைச் சரிசெய்தாள். உள்ளே போகத் திரும்பினாள்.

அப்போது நாகலெட்சுமி என் நல்ல காதுக்குப் பக்கத்தில் வந்தாள். வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பல்லுக்குள்ளேயே பேசினாள்.

“சத்தியம் பண்ணது நானு. நீங்க பண்ணல.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. “என்ன செய்யச் சொல்ற?”

“எந்திரிச்சுக் கத்துங்க.”

“என்னான்னு?”

அவள் கண்ணை மூடினாள். ஆறு வருஷச் சண்டை, பீலியில் திருப்பிய முகம், செத்து எழுந்த ராஜகுமாரன், எல்லாம் அந்த முகத்தில் ஓடியது என்றுதான் நினைக்கிறேன். பிறகு அந்தப் பல்லுக்குள்ளிருந்தே வந்தது.

“ஒன்ஸ்மோர்.”

சபையில் இதுவரை நான் தும்மியதுகூட இல்லை. முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். என் குரல் எவ்வளவு சத்தம் என்று எனக்கு எப்போதுமே தெரியாது, பக்டரியில் கத்தியே பழக்கம். “ஒன்ஸ்மோர்” என்று கத்தினேன். அந்த ஹாலே அதிர்ந்தது என்று பிறகு சொன்னார்கள்.

லோஜினி வெடுக்கென்று திரும்பினாள். பதினொரு வயதில் மேடையில் நின்று எங்களைப் பார்த்த அதே முகம். அம்மாதான் கத்திவிட்டாள் என்று நினைத்துவிட்டாள். கண் நேரே மூன்றாவது வரிசைக்கு வந்தது. அங்கே அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், ஒரு நாளும் வாயைத் திறக்காத அப்பாவான நான் சட்டைப் பையில் டொபிக் கறையோடு நின்றுகொண்டிருந்தேன்.

“ஒன்ஸ்மோர்” என்றது பின்னாலிருந்து இன்னொரு குரல். மூக்கன். அவருக்கு யார் ஆரம்பித்தது, எதற்கு என்பதெல்லாம் அவசியமில்லை. அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மச்சானுக்குக் கதை சொன்னவரும் கத்தினார். போன்காரியும் கத்தினாள். நிரஞ்சன் மைக்கில் என்னவோ சொல்லிப் பார்த்தார், ஒருவர் காதிலும் விழவில்லை.

லோஜினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிரஞ்சனின் கையிலிருந்து மைக்கை வாங்கி, முன்பள்ளிப் பிள்ளையிடம் பொம்மையை வாங்குகிற மாதிரி சாதாரணமாக வாங்கி, இடத்தில் வைத்தாள். ஆர்மோனியக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். ஓரத்தில் கிடந்த ஆற்றை இரண்டு பேரும் மறுபடி விரித்தார்கள்.

பல்லவியிலிருந்து பாடினாள். கடலை உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முன்னால் இருந்தவள் போனைத் தூக்கித்தான் பிடித்திருந்தாள். நாகலெட்சுமி அதை மறைப்பாகவே நினைக்கவில்லை, என் மடியில் பாதி சாய்ந்துகொண்டு பக்கவாட்டில் பார்த்தாள். மூன்றாவது சரணத்தில், ‘ஆறு வடியட்டும் அம்மா, அடுப்ப அணைச்சிராத’ என்று வருகிற இடத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்துவிட்டது. கண்ணை மேடையிலிருந்து எடுக்காமலே நாகலெட்சுமி என் பையில் கையை விட்டு, டொபிக் கட்டியில் மிச்சமிருந்ததை நூலோடும் தூசியோடும் என் வாயில் திணித்தாள்.

ஐந்தரைக்கு நோட்டன் பஸ். கூட்டம். நாகலெட்சுமியும் லோஜினியும் ஒரு சீட்டில், நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஏறும்போதே மூக்கன் ஆரம்பித்துவிட்டார். “என்ன செல்லசாமி, நம்ம கட்சிக்கு வந்துட்டீங்க போல.”

“அண்ணே, இந்த ஒரு தடவதான்” என்று நாகலெட்சுமியே பதில் சொன்னாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு சொன்ன முதல் வார்த்தை. மூக்கன் கடலைப் பொட்டலத்தை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

பிறகு தொடங்கினாள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்தது அத்தனையும் வந்தது. அதிதி, விளக்கு, நிரஞ்சன், தாயாக நடித்த பெண் ஆற்றை மிதித்துக்கொண்டு நடந்தது, ஆர்மோனியக்காரர் கடைசியில் அவசரப்பட்டது, ஒன்றையும் விடவில்லை. லோஜினியும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். டிக்கோயா தாண்டியது. மகள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கே பொறுக்கவில்லை.

கடைசியில் அவளே கேட்டாள். “எல்லாரையும் சொன்ன. என்னையப் பத்தி ஒன்னுஞ் சொல்லலியே.”

“வாயத் தொறக்கக்கூடாதுன்னு சொன்னியே.”

“அது தெர விழுகுற வரைக்குந்தான். இப்ப தொற.”

நாகலெட்சுமி மகளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கே மூச்சு விட்டாய், எங்கே சுருதி இறங்கியது என்று சொல்லப்போகிறாள் என்று நான் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். சொல்ல வாயெடுத்தவளுக்கு உதடு கோணியது. அப்புறம் மகள் காதோரம் குனிந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“ஒன்ஸ்மோர்.”

லோஜினி பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தாள். அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லப் பாட ஆரம்பித்தாள். பின் சீட்டில் ஒருவன் போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். நாகலெட்சுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் திரும்பி, “ஷ்ஷ்” என்றேன்.